மண்டியிட ஒரு முக்காலி

கடிதம் வந்த சனிக்கிழமை காலையில் கில்பர்ட் பெல்டன் வெண்ணெய் தடவிய டோஸ்டின் மேலேயே மறுபடியும் வெண்ணெய் தடவினார். எதிரே உட்கார்ந்திருந்த எனிட் அதைக் கவனித்துவிட்டாள். போர்க்காலத்து ரேஷன் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் வெண்ணெய் விஷயத்தில் கை நீளாத மனிதர் அவர். ஒரே துண்டுக்கு இரண்டு தடவை வெண்ணெய் என்றால் யாராவது செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கடல் மறுபடியும் ஊருக்குள் வந்திருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே சாண்ட்பி கடற்கரை மே மாத வெயிலில் ஒன்றும் அறியாததுபோல் கிடந்தது. அவர் கையிலிருந்த தாள் தடிமனாக இருந்தது. மேசைமேல் கிழிந்து கிடந்த உறையின் மூலையில் ‘அந்தரங்கம்’ என்று அச்சிட்டிருந்தார்கள்.

மூன்றாவது முறையும் படித்து முடித்து, தாளை மேசையின் குறுக்கே அவள் பக்கமாகத் தள்ளினார்.

“சத்தமா படி.”

“நீங்கதான் மூணு தடவ படிச்சாச்சே.”

“உன் வாயால கேக்கணும் எனக்கு.”

எனிட் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தக் காலத்து ஆபீஸ் குரலில் படித்தாள். ராணியின் பிறந்தநாளை ஒட்டி வெளியாகும் பட்டியலில், திரு. பெல்டன் அவர்களுக்கு நைட் பட்டம் வழங்கும்படி அரசியாரிடம் பரிந்துரைக்கப் பிரதமர் எண்ணியிருக்கிறார். சம்மதம்தானா என்பதை இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்திட்டு, வரும் வியாழக்கிழமை காலைக்குள் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். பட்டியல் வெளியாகும்வரை இதை யாரிடமும் சொல்லக் கூடாது. ஒன்பது வருஷம் முன்னால் வடகடல் பொங்கி இந்தக் கரையில் நாற்பத்தொரு பேரைக் கொண்டுபோன பிறகு, பதினான்கு மைல் தடுப்புச் சுவரை நின்று கட்டியவர் அவர். அதற்காக அமைச்சகத்துக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் டைப் அடித்தவள் அவள். சுவரில் பாதி எனிட் டைப் அடித்தது என்று அவரே விருந்துகளில் சொல்வார்.

கில்பர்ட்டின் முகம் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பையன் முகமாக மாறிவிட்டது. அறுபத்து மூன்று வயதில் அப்படி ஒரு முகம் அவருக்குள் மிச்சமிருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

“சரி, லேடி பெல்டன்,” என்று சிரித்தார். “அந்த ஜாம இப்பிடிக் கொஞ்சம் தள்ளுங்க.”

எனிட் ஜாம் சாடியைத் தள்ளினாள்.

“அந்தப் பேரு எனக்கு வராது, கில்பர்ட்.”

“எந்தப் பேரு?”

“லேடி. நீங்க நைட் ஆகி ‘சர்’னு பேரு வந்தா, அது உங்க பொண்டாட்டிக்குப் போற பேரு.”

டோஸ்டைக் கடிக்கப் போனவர் அப்படியே நிறுத்தினார். பிறகு கடித்தார்.

ஊருக்குத் தெரியாத கதை இதுதான். சாண்ட்பியில் எனிட்டை மிஸஸ் பெல்டன் என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். மாதர் சங்கத்துக்கு இரண்டு தடவை தலைவியாக இருந்தவள், தேவாலயப் பீடத்துக்கு மாதம் ஒரு ஞாயிறு பூ வைப்பவள். ஆனால் அவளுக்கும் கில்பர்ட்டுக்கும் எந்தக் கோயிலிலும் எந்தப் பதிவு அலுவலகத்திலும் கல்யாணம் நடக்கவில்லை. போர் தொடங்கிய மறு வருஷம், பிரெஸ்டன் நகரத்தில் மனைவி வெரோனிகாவை விட்டுவிட்டு அவர் இந்தக் கரைக்கு வந்தார். ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த எனிட் அவரோடு வந்தாள். லண்டனில் ஒரு வக்கீலை வைத்துப் பத்திரம் எழுதித் தன் பேரோடு பெல்டன் என்பதைச் சேர்த்துக்கொண்டாள். சட்டப்படி விவாகரத்துக் கேட்கும் உரிமை தப்புச் செய்யாத பக்கத்துக்குத்தான் உண்டு. வெரோனிகா கத்தோலிக்கப் பெண், அவள் சபையில் விவாகரத்து கிடையாது. கேட்கவே இல்லை, கேட்கவும் மாட்டாள். ஆக இருபத்திரண்டு வருஷமாக எனிட் ஒரு விரலில் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, யாரும் எதுவும் கேட்காமல் இருக்க வேண்டுமே என்று வாழ்ந்துவந்தாள். யாரும் கேட்கவில்லை. மிஸஸ் என்பது யாரும் சோதித்துப் பார்க்காத பேர். எந்தப் பெண்ணும் சொல்லிக்கொள்ளலாம்.

லேடி அப்படியில்லை. அது பத்திரிகையில் வரும். உறைமேல் எழுதுவார்கள், விருந்து மேசையில் அட்டை போட்டு வைப்பார்கள். ஊர்ப் பத்திரிகைக்காரன் படம் எடுக்க வந்து நிற்பான். அன்று காலையிலேயே லண்டன் பத்திரிகையைப் பிரெஸ்டனில் ஒருத்தி பிரித்துப் பார்ப்பாள்.

“சின்ன விஷயம் இது,” என்றார் கில்பர்ட், கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடி. “யாரு போய்க் கிளறப் போறாங்க?”

“அவங்க கிளறலாமே.”

“வெரோனிகாவா? இத்தன வருஷத்துல ஒரு தபாலட்டை போட்டிருக்காளா?”

“இத்தன வருஷத்துல அவங்களுக்கு இப்படி ஒண்ணு கெடைக்கவும் இல்லியே.”

அவர் பேனாவை எடுத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தை எனிட் ஆயிரக்கணக்கான தடவை பார்த்திருக்கிறாள். இந்தத் தடவை கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு கூடுதலாக இழுத்திருந்தார். உறையில் போட்டு, ஒட்டி, வழக்கம்போல அவளிடம் நீட்டினார். அந்த வீட்டுக் கடிதங்களைத் தபாலில் சேர்ப்பது எப்போதும் அவள் வேலை.

சாயங்காலம் அவர் கேட்டபோது, மத்தியானத் தபால் போய்விட்டது என்றாள். அது உண்மை. ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது, அதுவும் உண்மை. திங்கட்கிழமை தலைவலி என்றாள். அங்கேதான் பொய் ஆரம்பித்தது. உறை அவளுடைய கைப்பையில், சீப்புக்கும் பிரார்த்தனைப் புத்தகத்துக்கும் நடுவில் கிடந்தது.

ராணி முன்னால் மண்டியிட்டுப் பட்டம் வாங்குவதற்கு, ஞாயிறு மாலை கில்பர்ட் வரவேற்பறையில் ஒத்திகை பார்த்தார். கால் நீட்டி வைத்துக்கொள்ளும் குட்டை முக்காலியை நடு அறைக்கு இழுத்துப்போட்டார். துறைமுக வாரியத்தின் பழைய தலைவர் ஒருவர் ‘சர்’ பட்டம் வாங்கியவர்; அவர் சொன்னதையெல்லாம் அப்போது கேட்காத மாதிரி கேட்டு வைத்திருந்தார் போலிருக்கிறது. வலது முழங்காலை முக்காலிமேல் வைக்க வேண்டும். இடது காலைத் தரையில் ஊன்ற வேண்டும். பிடித்துக்கொள்ள ஓரமாக ஒரு கைப்பிடி இருக்குமாம். ராணி பிடித்திருக்கும் கத்தி முதலில் வலது தோளைத் தொடும், அப்புறம் இடது தோள். எழுந்திரு என்றெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்களாம், தானாகவே எழுந்துகொள்ள வேண்டுமாம். அங்கேதான் கஷ்டம். வெள்ளம் வந்த குளிரில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கெடுத்துக்கொண்ட முழங்கால் அது. மடக்கினால் மடங்கும், திரும்ப நிமிராது.

“எந்திரிக்கறப்ப மூஞ்சி சுளிக்குதா?” என்று கேட்டார்.

“சுளிக்குது.”

“எவ்ளோ?”

“பல்ல புடுங்கின மாதிரி.”

அவர் சிரித்தார். மறுபடி மண்டியிட்டார். எனிட் அவருடைய முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். ஏழு தடவை. கடைசித் தடவை அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, “உன்ன அங்க முன்வரிசையில உக்கார வெப்பாங்க, எனிட்,” என்றார். அப்போது அவளுக்கு வந்த ஆசையை என்னவென்று சொல்வது. வெட்கமாக இருந்தது. வேண்டும் என்றிருந்தது. சிவப்புக் கம்பளமும் தொப்பியும் வேண்டாம், அந்தப் பேர் வேண்டும் அவளுக்கு. திருட்டுப்பேரோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவளுக்கு, ராணியே கொடுத்தது என்று ஒரு பேர் வந்தால் எப்படி இருக்கும்!

செவ்வாய்க்கிழமை காலை, லீட்ஸில் இருக்கும் அக்காவைப் பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி ரயில் ஏறினாள். லீட்ஸில் இறங்கவில்லை.

பிரெஸ்டனில் அந்தத் தெரு முழுக்க ஒரே மாதிரிச் செங்கல் வீடுகள். பதினேழாம் எண் கதவில் மட்டும் பளபளவென்று தேய்த்த பித்தளைப் பலகை இருந்தது. ‘மிஸஸ் ஜி. பெல்டன், பியானோ வகுப்பு.’ தன் பேரை இன்னொருத்தி வீட்டுக் கதவில் படிப்பது எப்படியிருக்கும் என்று எனிட் அதுவரை யோசித்ததில்லை. பிறகுதான் நினைவுக்கு வந்தது, அது தன் பேரில்லை என்று.

கதவைத் திறந்த பெண் உயரமாக, நரைத்த தலையை இழுத்துக் கட்டியிருந்தாள். ஒரு பார்வைதான் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை.

“அவர் செத்துட்டாரா?”

“இல்லீங்க.”

“அப்ப எதுக்கு வந்தீங்க?” என்றவள், தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “உள்ள வாங்க,” என்றாள்.

சமையலறையில் மேசைமேல் கம்பளி விரித்து, கோயில் பீடத்துக்கான வெள்ளைத் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. கஞ்சி மணம் கனமாக நின்றது. வெரோனிகா ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

“டீ போட மாட்டேன். டீ போட்டா விருந்தாளின்னு ஆயிடும்.”

“வேண்டாங்க.”

“சொல்லுங்க.”

எனிட் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாத கடிதத்தை, முப்பது வருஷ உத்தியோகத்தில் ஒரு ரகசியத்தைக்கூட வெளியே விடாதவள், அந்தச் சமையலறையில் முழுசாகச் சொன்னாள். இஸ்திரிப் பெட்டி துணியின்மேல் நின்றுவிட்டது. பொசுங்கும் வாசனை லேசாக எழுந்தது. எனிட் கையை நீட்டப் போனாள். அதற்குள் வெரோனிகா பெட்டியைத் தூக்கிவிட்டாள். துணியில் வெளிர்மஞ்சளாக ஒரு தடம் விழுந்திருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

“சர் கில்பர்ட்,” என்றாள், ஒரு மாத்திரையை நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோல. “அப்ப நான்…”

“ஆமாங்க. நீங்கதான்.”

“இதச் சொல்லத்தான் இவ்ளோ தூரம் ரயிலேறி வந்தீங்களா?” வெரோனிகா சிரித்தாள். சிரிப்பு நல்லதாக இல்லை. “இல்ல. எனக்கு வேண்டாம்னு நான் சொல்லணும். அதுக்கு வந்திருக்கே.”

நீங்க போய் நீ வந்துவிட்டது. எனிட்டுக்கு அது புரிந்தது. ஏதோ ஒரு விதத்தில் நிம்மதியாகவும் இருந்தது.

“நீங்க பேசாம இருந்தீங்கன்னா போதும்.”

“இருபத்திரண்டு வருஷமா பேசாமத்தானே இருக்கேன். இதுக்கு மேலயும் எப்பிடிப் பேசாம இருக்கறதுன்னு நீயே சொல்லிக் குடு.” இஸ்திரிப் பெட்டி மறுபடி ஓட ஆரம்பித்தது. “இந்தத் தெருவுல நான் மிஸஸ் பெல்டன். மிஸ்டர் எங்கன்னு கேட்டா, கெழக்குக் கரையில பெரிய வேலையா இருக்காருன்னு சொல்வேன். கொஞ்ச நாள்ல கேக்கறத விட்டுட்டாங்க. அது கேக்கறதவிட மோசம், தெரியுமா உனக்கு? உனக்கு ஆள் இருந்தாரு, பேரு இல்ல. எனக்குப் பேரு இருந்துச்சு, வீட்டுல ஆள் இல்ல. எது தேவலன்னு ராத்திரி ராத்திரியா யோசிச்சிருக்கேன்.”

“நான் உங்களுக்குச் செஞ்சது…”

“மன்னிப்பெல்லாம் நீ கேக்காதே. கேக்க வேண்டியவரு வேற.”

துணியை நாலாக மடித்தாள். விளிம்போடு விளிம்பு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஓரமாக வைத்தாள்.

“அரண்மனைக்கு எத்தன பேரக் கூட்டிட்டுப் போகலாம்?”

“ரெண்டு பேர்னு சொல்றாங்க.”

“அதுல ஒண்ணு எனக்கு.”

எனிட் மடியிலிருந்த கைப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“பொண்டாட்டி உக்கார்ற எடம். இன்னொண்ணுல நீ வேணா உக்காரு. அவருக்குத் தங்கச்சின்னு சொல்லிக்கோ, செக்ரட்டரின்னு சொல்லிக்கோ, எனக்கென்ன. அவரு மண்டி போடறத நான் பாக்கணும். ஒரே ஒரு தடவ.” குரல் முதல் தடவையாக இறங்கியது. “ஒரு சீட்டு எழுதி இதே மேசமேல வெச்சுட்டுப் போனாரு. உப்பு ஜாடிக்கு அடியில. மூணு வரி. எங்கிட்ட வந்து நின்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. யாருக்கு முன்னாலயாவது அவரு முட்டி மடங்கட்டும். நான் உக்காந்து பாத்துட்டு வந்துடறேன்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன். சத்தியம். உங்க ஊருல நீ லேடி பெல்டனா இரு. உனக்கே குடுத்துட்டுப் போறேன்.”

குடுத்துட்டுப் போறேன். பழைய கோட்டைக் கழற்றிக் கொடுப்பதுபோல அதைச் சொன்னாள். எனிட்டுக்கு உச்சந்தலை சுட்டது.

“நாங்க ஒத்துக்கலேன்னா?”

வெரோனிகா வாசல் பக்கம் தலையைச் சாய்த்தாள். “கதவுல பலக பாத்தேல்ல? பேப்பர்ல பேரு வந்த அன்னிக்கு அத மாத்துவேன். லேடி பெல்டன், பியானோ வகுப்பு. தப்பு ஒண்ணும் இல்லியே? என் பேருதானே? அப்புறம் பேப்பர்க்காரன் வந்து கதவத் தட்டினா, வந்தவன வெளிய நிக்க வெக்கற பழக்கம் எனக்கில்ல. உன்னையே உள்ள விட்டேனே.”

வாசல்வரை வந்து வழியனுப்பினாள். எனிட் படியிறங்கும்போது பின்னாலிருந்து, “முட்டி இன்னும் வலிக்குதா அவருக்கு?” என்று கேட்டாள். அது வேறு முழங்கால் வலி. வெரோனிகாவுக்குத் தெரிந்த கில்பர்ட் இருபதுகளில் கால்பந்து ஆடி விழுந்தவர். எனிட் ஆமாம் என்று மட்டும் சொன்னாள்.

அன்றிரவு அக்கா வீட்டில் தங்கி, புதன்கிழமை பிற்பகல் வண்டியில் சாண்ட்பி திரும்பினாள். ரயில் ஜன்னலில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, பெட்டியில் யாருமில்லாத சமயம் பார்த்து, “லேடி பெல்டன்” என்று வாயசைத்துப் பார்த்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை. ஐம்பத்தொரு வயதுக்காரி செய்கிற வேலையா இது என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஆனால் கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் நஷ்டத்தில்தான் வந்து நின்றது. கடிதத்தைப் போட்டால், ஜூன் மாதத்திலிருந்து மளிகைக் கடையிலும் கோயிலிலும் அவளை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவை திரும்பிப் பார்க்கும்போதும் பிரெஸ்டனில் ஒருத்தி போட்ட பிச்சை அது என்று அவளுக்குத் தெரியும். போடாவிட்டால், கில்பர்ட் வாழ்நாள் முழுக்கக் கட்டிய சுவருக்கு ஒரே ஒருமுறை வந்த மரியாதை அவளுடைய கைப்பைக்குள்ளேயே செத்துப்போகும்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது ஐந்து மணி ஆக ஐந்து நிமிஷம். வரவேற்பறையிலிருந்து, “எனிட்டா?” என்று குரல் வந்தது. குரல் வந்த உயரம் சரியில்லை. தரையிலிருந்து வந்தது.

முக்காலியின்மேல் ஒரு முழங்காலோடு, ஒரு கையால் நாற்காலிக் காலைப் பிடித்தபடி, அவர் மண்டியிட்டே இருந்தார். நெற்றியில் வேர்த்திருந்தது.

“முட்டி புடிச்சுக்கிச்சு. கால் மணி நேரமாச்சு.”

அவள் ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தாள். அதற்குள் அவர், “லண்டன்லேருந்து போன் வந்துச்சு,” என்றார்.

எனிட்டின் கை பாதியில் நின்றது.

“ரொம்ப மரியாதையாத்தான் பேசினான். படிவம் இன்னும் வந்து சேரலியாம். பட்டியல் அச்சுக்குப் போகுதாம். போன்ல சொன்னாச் செல்லாதாம், கையெழுத்துப் போட்டது நாளைக் காலையில அங்க இருக்கணுமாம்.” நிமிர்ந்து பார்த்தார். “நீ எதையும் தபால்ல போட மறந்ததே கெடையாது.”

“மறக்கல.”

“தெரியும்.”

“பிரெஸ்டன் போயிருந்தேன்.”

எப்படி இருக்கிறாள் என்று கேட்பார் என எனிட் எதிர்பார்த்தாள். ஒரு மனிதன் கேட்கக்கூடிய முதல் கேள்வி அதுதானே?

“என்ன கேக்கறா?” என்றார் கில்பர்ட்.

அவள் சொன்னாள். நின்றபடியே சொன்னாள், அவர் மண்டியிட்டபடியே கேட்டார். தூக்கிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, தூக்கிவிடு என்று அவரும் சொல்லவில்லை. பொறியாளர் அல்லவா, பாரம் எந்த இடத்தில் விழுகிறது என்று மனசுக்குள் பார்த்துக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. உப்பு ஜாடி என்ற இடத்தில் மட்டும் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தார்.

“அவ்ளோதானா?” என்றார் கடைசியில். முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்தது. “ஒரே ஒரு நாள். வந்து பாத்துட்டுப் போகட்டுமே. நீ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டியே? ஒரு நாள்தானே, எனிட்.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். நெஞ்சில் ஏதோ சத்தமில்லாமல் இடம் மாறி உட்கார்ந்தது.

“ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீங்க என்ன லேடி பெல்டன்னு கூப்பிட்டப்போ, அவங்கள மறந்துபோய்க் கூப்பிட்டீங்களா?”

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாதவரும் அல்ல. இருபத்திரண்டு வருஷம் ஊரையே ஏமாற்றிய வீடு அது. ஆனால் முழங்கால் வலியோ என்னவோ, உண்மையைச் சொன்னார்.

“ரெண்டாவது தடவ படிக்கறப்பவே ஞாபகம் வந்துடுச்சு.”

“அப்புறம் ஏன்?”

“நீ என்ன சொல்றேன்னு பாத்தேன்.” நாற்காலிக் காலைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். “நீ பாத்துக்குவேன்னு நெனச்சேன். எப்பவும் நீதானே எல்லாத்தையும் பாத்துக்கறே.”

எனிட் குனிந்து அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். அவர் முகம் சுளித்தது, பல்லைப் பிடுங்கின மாதிரி. நாற்காலியில் உட்காரவைத்து, காலை நீட்டி, அதே முக்காலியின்மேல் வைத்தாள். போர்வையை முழங்கால்மேல் போர்த்தினாள். இத்தனையும் கை தானாகச் செய்தது. அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“நீ போடலேன்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

சொல்ல மாட்டார். அது அவளுக்குத் தெரியும். இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சாகும்வரை, ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டார். மணிக்கட்டை விடுவித்துக்கொண்டாள்.

“அஞ்சரைக்கு வண்டி வரும்,” என்றார் பின்னாலிருந்து.

சுவரோரப் பாதை வழியாக நடந்தாள். அலை இறங்கியிருந்தது. தடுப்புச் சுவர் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சாம்பல் நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. இந்த இடத்துக்கு அஸ்திவாரம் தோண்ட அனுமதி கேட்டு எழுதிய கடிதம் அவளுக்கு வரிவரியாக நினைவிருந்தது. ‘எங்கள் பணிவான கருத்தில்’ என்று தொடங்கும். நாய்க்குட்டியோடு எதிரே வந்த பாதிரியார் மனைவி, “ஞாயித்துக்கெழம பூவுக்கு உங்க முறை, மிஸஸ் பெல்டன், மறந்துடாதீங்க,” என்று குரல் கொடுத்துக்கொண்டே கடந்து போனாள். எனிட் கையை உயர்த்தினாள். அந்த ‘மிஸஸ்’ அவள் காதில் ரொம்ப நேரம் நின்றது. யாரும் கொடுக்காமல், ஒருத்தியிடமும் கேட்காமல், ஒவ்வொரு ஞாயிறாகப் பூ வைத்துச் சம்பாதித்தது. அதைத்தான் பறிகொடுக்கப் போகிறாள், பெரிய பேர் வந்தாலும் சரி, பெரிய அவமானம் வந்தாலும் சரி.

பாதை முடியும் இடத்தில் சிவப்புத் தபால் பெட்டி. பக்கத்தில் சின்னச் சிவப்பு வண்டி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. தபால்காரர் கோப்லி பெட்டியைத் திறந்து கடிதங்களை வாரிக் கோணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளத்தன்று கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவைப் படகில் இறக்கியவர் கில்பர்ட்.

“ஓடாதீங்க, மிஸஸ் பெல்டன், நான் நிக்கறேன்,” என்றார் கோப்லி. “ஐயா லெட்டரா?”

“ஆமா.”

“முட்டி எப்பிடி இருக்கு அவருக்கு?”

“அப்பிடியேதான் இருக்கு.”

கைப்பையைத் திறந்தாள். சீப்பு கையில் பட்டது, பிரார்த்தனைப் புத்தகம் பட்டது, அப்புறம் உறையின் தடித்த மூலை. ஐந்து நாளில் அந்த மூலை கொஞ்சம் மழுங்கிவிட்டிருந்தது. வெளியே எடுத்தாள். கோப்லி கோணிப்பையின் வாயை ஒரு கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினார், உறையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்க, மிஸஸ் பெல்டன்,” என்றார் சிரித்தபடி. “நான் வாங்கிட்டேன்.”

வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உறையின் மறுமுனை இன்னும் அவள் விரல்களுக்குள்ளேயே இருந்தது.